துருப்பிடிச்ச கேட்டுக்கு உள்ளே

அண்ணா, அண்ணா, அண்ணா! ஒரு நிமிஷம்ங்ணா. கைய அந்த லிவர்ல இருந்து எடுங்க. எடுத்துட்டீங்களா? அப்படியே எஞ்சினையும் ஆஃப் பண்ணிருங்க, நான் கத்தறது எனக்கே கேக்க மாட்டேங்குது. ஆங். இப்ப எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க.

இல்லீங்ணா, நான் இந்த எடத்து ஓனர் வீட்டு ஆள் இல்ல. கேஸ் போட்டிருந்த பார்ட்டியும் இல்ல. மரத்தக் கட்டிப் பிடிச்சுட்டுப் போராட்டம் பண்ற ஆளும் இல்ல, சத்தியமா. இங்க கட்டிப் பிடிக்க மரம் எங்க இருக்கு, எல்லாம் எருக்கஞ்செடி. நீங்க வேலைய நிறுத்தவே வேண்டாம். கொஞ்ச நேரம் கழிச்சு ஆரம்பிங்கன்னுதான் சொல்றேன். அப்புறம் இந்தப் புதரையெல்லாம் வழிச்சு எடுங்க, கல்யாண மண்டபம் கட்டச் சொல்லுங்க, நானே வந்து மொய் வெக்கறேன். இப்ப ஒரு வேன் வரும். கொஞ்சம் பேர் எறங்குவாங்க. இந்தத் துருப்பிடிச்ச கேட்டுக்கு உள்ள போயி நிப்பாங்க, பார்ப்பாங்க, போயிருவாங்க. அதுக்கப்புறம் நீங்களாச்சு, உங்க ஜேசிபியாச்சு.

டீ சொல்லிருக்கேன், வருது. வடையும் சொல்லட்டுமா?

என்னத்தப் பார்க்கறதுக்கு வர்றாங்களா? இதத்தான். இந்தப் புதரத்தான். சிரிக்காதீங்ணா, நான் சீரியஸா பேசிட்டு இருக்கேன். ரெஜினா மேடத்தோட மானமே இப்ப உங்க கையிலதான் இருக்கு.

ஒரு நிமிஷம், போன். எதிர்த்த பில்டிங் ஆன்ட்டிங்க. மேல மூணாவது மாடில எல்லாரும் கண்ணாடி பாட்டில மடியில வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. பாட்டிலுக்குள்ள செடி வெக்கக் கத்துக் குடுக்கறேன். அந்தக் கிளாஸுக்குத்தான் காலைல வந்தேன், வந்து பார்த்தா நீங்க இங்க நிக்கறீங்க. மூணு மாடியும் எறங்கி ஓடி வந்தேன். ஆன்ட்டி, வர்றேன் ஆன்ட்டி! கூழாங்கல்ல கழுவி வையுங்க! நல்லா கழுவுங்க, அழுக்கு போகணும்! வெச்சுட்டேன். எங்க விட்டேன்?

என் பேரு இந்துஜா. டூர் கூட்டிட்டுப் போறது என்னோட வேலை. ஊட்டி கொடைக்கானல் டூர் இல்லீங்ணா. நம்ம கோயமுத்தூருக்குள்ளயே. பார்க்கு, குளத்துக்கரை, பெரிய கம்பெனி வாசல்ல இருக்கற தோட்டம், பாலத்துக்கு அடியில வெச்ச செடி, இதெல்லாம். யாருக்குன்னா, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுங்களுக்கு. கட்டடம் கட்டறவங்க இல்ல, கட்டடம் போக மிச்சம் இருக்கற எடத்த டிசைன் பண்றவங்க. எங்க நடக்கறது, எங்க உக்கார்றது, மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடறதுன்னு யோசிக்கறவங்க. புனேல இருந்து வர்றாங்க, கொச்சில இருந்து வர்றாங்க, சிலோன்ல இருந்துகூட வந்தாங்க.

அவங்க ஒரு தனி ஜாதிங்ணா. பூவப் பார்க்கவே மாட்டாங்க. ரோஜாத் தோட்டத்துக்கு நடுவுல கொண்டு போயி நிறுத்தினா குனிஞ்சு தண்ணி போற ஓட்டையப் பார்ப்பாங்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல விரல விட்டுப் பார்ப்பாங்க. ஒரு தடவ ரேஸ்கோர்ஸ்ல எல்லாரும் மண்டி போட்டு டிச்சு மூடிய போட்டோ எடுக்கறாங்க, போலீஸ்காரரு வந்துட்டாரு. "ஏம்மா, உள்ள என்ன விழுந்துருச்சு?"ங்கறாரு. "ஒண்ணும் விழல சார், டிச்சுதான் அழகா இருக்கு"ன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க.

இந்த டூர ஆரம்பிச்சதே ரெஜினா மேடம்தான். அவங்களும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டு. நான் அவங்க ஆபீஸ்ல வரைய வந்தவ. மொத வாரமே, "உனக்கு பென்சில் பிடிக்கத் தெரியல, ஆனா வாய் நல்லா இருக்கு, நீ டூரப் பாரு"ன்னுட்டாங்க. பாராட்டிட்டாங்கன்னு அன்னிக்கு எங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அவங்க ஒரு ரூல் வெச்சிருக்காங்க. எந்தத் தோட்டத்துக்குள்ள போனாலும் மொதல்ல கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது. சும்மா நிக்கணும். காத்து எங்கருந்து வருது, நெழல் எங்க விழுது, கால் எந்தப் பக்கம் போகச் சொல்லுதுன்னு பார்க்கணுமாம். அப்புறம்தான் நான் வாயத் தொறக்கலாம். எனக்கு அது ஆகவே ஆகாதுங்ணா. சும்மா நின்னா உள்ளங்கால் அரிக்கும்.

டீ வந்துருச்சு. எடுத்துக்குங்க. சக்கரை போதுமா?

இருங்க, வேன் ஒண்ணு வருது. இல்ல, அது ஸ்கூல் வேன். சரி சொல்லி முடிச்சர்றேன். சொன்னா உங்களுக்கே மனசு எறங்கிரும்.

இந்தப் பக்கத்து அபார்ட்மெண்ட் இருக்குதுல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம், பச்சை கேட்டு? அதோட தோட்டத்த ரெஜினா மேடம்தான் பண்ணாங்க. இத்தனை வருஷம் வேற பெரிய ஆளுங்களுக்குக் கீழ வேலை பார்த்துட்டு, இதுதான் அவங்க சொந்தப் பேர்ல பண்ண மொதத் தோட்டம். ரெண்டு வருஷமா ஒவ்வொரு செடியையும் பெத்த புள்ளை மாதிரி வளர்த்தாங்க. போன தையில அது முடிஞ்சது. உடனே ஒரு பெரிய டூர் போட்டாங்க. எதுக்குன்னா, அந்த குரூப்புல கோஷி சார் வர்றாரு.

கோஷி சாருன்னா அவங்க காலேஜ் வாத்தியாரு. மலையாளி. நல்லா தமிழ் பேசுவாரு, மகளேன்னு சொல்ற எடத்துல மோளேம்பாரு, மத்தபடி கோவம் வந்தா மட்டும் மலையாளம். அஞ்சு வருஷமும் மேடம் என்ன வரைஞ்சு கொண்டு போனாலும், "ரெஜினா, நீ எல்லாத்துக்கும் தலை சீவிப் பொட்டு வெச்சு விடுற. கொஞ்சம் சும்மா விடு மோளே"ன்னு திருப்பிக் குடுத்துருவாராம். ஒரு தடவகூட நல்லாருக்குன்னு சொன்னதில்லையாம். மேடத்துக்கு அது உள்ளயே கெடக்குது. இந்தத் தோட்டத்த அவரு பார்க்கணும், பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் அவங்களுக்கு. அதுக்காகத்தான் ஊரையே கூட்டினாங்க.

அன்னிக்கு மேடம் நேரா பச்சை கேட்டுக்குள்ள போயி ரெடியா நிக்கறதுன்னும், நான் குரூப்ப வேன்ல கூட்டிட்டு வர்றதுன்னும் பேச்சு. முந்தின நாளே வந்து எடத்தப் பார்த்துக்கோன்னு மேடம் சொல்லிருந்தாங்க. எனக்கு அன்னிக்கு ஒரு ரீல்ஸ் எடுக்கற வேலை, நர்சரில. ஒரு தோட்டம்தானே, பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். நீங்களே சொல்லுங்க, தோட்டத்த எவனாச்சும் தொலைப்பானா?

வேன் நின்னுச்சு. நான் எறங்கி அட்ரஸ் பார்க்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் இந்தக் கேட்டப் பார்த்துட்டு, ஆஹா ஓஹோங்கறாங்க. ஏன்னா, இது துருப்பிடிச்சிருக்கு. நமக்குத்தான் அது துரு. அவங்க உலகத்துல கார்ட்டன் ஸ்டீல்னு ஒண்ணு இருக்குங்ணா. வேணும்னே துருப்பிடிக்க விட்ட இரும்பு. இருக்கறதுலயே ஸ்டைலான சாமான் அது. எங்க பார்த்தாலும் கட்டிப் பிடிக்காத குறையா நிப்பாங்க. "கேட்டே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும்?"னு புனேக்காரர் ஒருத்தர் தள்ளினாரு, தொறந்துருச்சு. எல்லாரும் உள்ள போயிட்டாங்க. பச்சைப் பெயின்ட் அடிச்ச கேட்ட ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கல. இதுல என் தப்பு என்ன இருக்கு?

அன்னிக்கு இது இப்ப மாதிரி காஞ்சு கெடக்கலீங்ணா. மழை முடிஞ்ச நேரம். எருக்கு, துத்தி, தும்பை, நாயுருவி எல்லாம் இடுப்பு உசரம். பாதி போட்டு விட்ட அஸ்திவாரம், அதுல கம்பி நீட்டிட்டு நிக்குது. பள்ளத்துல தண்ணி. தண்ணி மேல தட்டான். நடுவுல ஆடு நடந்து நடந்து ஒரு தடம் வளைஞ்சு வளைஞ்சு போகுது. எல்லாரும் ரூல்படி சும்மா நின்னாங்க. நின்னாங்க, நின்னாங்க, நின்னுட்டே இருந்தாங்க. யாரும் நகரல. கோஷி சாரு மெதுவா போயி அந்த அஸ்திவாரக் கல்லு மேல உக்காந்துட்டாரு.

எனக்கு அதுக்கு மேல முடியலீங்ணா. ஆரம்பிச்சுட்டேன். "இந்தத் தடத்த நாங்க போடல, ஆடுங்க போட்டது. ஆடு எங்க நடந்துச்சோ அதத்தான் பாதையா வெச்சுக்கிட்டோம். இந்த அஸ்திவாரத்த எடுக்காம விட்டதுக்குக் காரணம், இந்த ஊரு எவ்வளவு அவசரமா கட்டுதுன்னு ஞாபகம் இருக்கணும்"னு. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, வாயில வருது, வந்துட்டே இருக்குது. எல்லாரும் எழுதறாங்க! ஒரு அம்மா கண்ணத் தொடைக்கறாங்க. என் வாழ்க்கையில நான் அவ்வளவு நல்லா பேசினதே இல்லீங்ணா. யாராச்சும் வீடியோ எடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்.

அப்பதான் மேடம் ஓடி வர்றாங்க. பட்டுச் சேலை. எங்களக் காணோம்னு தெருவெல்லாம் தேடிருக்காங்க. கையில நன்னாரி சர்பத் ஜக்கு வேற. "எங்கடி போயி..."ன்னு ஆரம்பிச்சாங்க. கோஷி சாரு எழுந்து வந்து அவங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு, ஜக்கோட சேர்த்து. "ரெஜினா, கை வெக்காம இருக்கறது எப்படின்னு நீ கத்துக்கிட்ட. எனக்கே அது வரல மோளே. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு"ன்னாரு.

மேடம் அவரப் பார்த்தாங்க. புதரப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. நான் கட்டை விரலத் தூக்கிக் காட்டினேன், சூப்பர் மேடம்னு. அவங்க ஜக்க என் கையில குடுத்தாங்க. அப்புறம், "தேங்க்யூ சார்"னாங்க.

அவ்வளவுதான். ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க. சர்பத்த யாரும் குடிக்கல. நான்தான் குடிச்சேன்.

வேன் போனதும் நான் கேட்டேன், "ஏன் மேடம், அந்த மூலையில கெடக்கற குப்பைத் தொட்டிய மட்டும் எடுத்திருக்கலாமே?"ன்னு. அவங்க அந்தப் பச்சை கேட்டக் கை காட்டினாங்க. "அதுதான் என் தோட்டம்"னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்ணா. விழுந்து விழுந்து சிரிச்சேன். "மேடம், நமக்கு லாபம்தானே! ஒரு செடிகூட வெக்காம பேர் வாங்கிட்டீங்க!"ன்னேன். அவங்க சிரிக்கவே இல்ல. அதுக்கப்புறம் என்னை எந்த டூருக்கும் கூப்பிடல. இதுதான் என் ஆதங்கம். அஞ்சு வருஷமா அவரு வாயில வராத வார்த்தைய அன்னிக்கு வர வெச்சது யாரு? நானு. எனக்கு ஒரு தேங்க்ஸ்?

லாரிக்காரர் ஹார்ன் அடிக்கறாரு, உங்களையா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்ணா. மண்ணு எங்க ஓடிப் போயிரப் போகுது.

இதுக்கு மேலதான் கேளுங்க கூத்த. கோஷி சாரு போற எடமெல்லாம் இந்தப் புதரப் பத்தியே பேசறாராம். இந்த மேடம் என்ன பண்ணணும்? கம்முனு இருந்திருக்கணும். இவங்க அந்தப் பச்சை கேட்டுக்குள்ள போயி, தானே வெச்ச தோட்டத்தத் தானே பிச்சுப் போட ஆரம்பிச்சாங்க. வரிசையா வெட்டி விட்ட வேலிச் செடியப் பிடுங்கினாங்க. கல்லுப் பாதையக் கொத்தி எடுத்தாங்க. புல்லுக்குத் தண்ணி விடாதேன்னுட்டாங்க. இங்கிருந்து துத்தி விதையப் பறிச்சு ஹேண்ட்பேக்ல போட்டு எடுத்துட்டுப் போயி அங்க தூவறத நானே பார்த்தேன், ஆன்ட்டி வீட்டு பால்கனில இருந்து. ஆடு மேய்க்கற அக்காகிட்ட, "ஆட்ட இப்படி ஓட்டிட்டு வாங்க"ன்னு பச்சை கேட்டத் தொறந்து விட்டாங்களாம். வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டாராம், "மேடம், நீங்க வெச்சத நீங்களே ஆட்டுக்குப் போடறீங்களே"ன்னு. அபார்ட்மெண்ட்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க.

வேலை டென்ஷன்தான், வேற என்ன. நான் மெசேஜ் போட்டேன். "மேடம், எதுக்கு இவ்வளவு கஷ்டம், நல்லா இருக்கறது ஒண்ணு பக்கத்துலயே ரெடியா இருக்கே, யார் வந்தாலும் அதையே காட்டிக்கலாம்"னு. பார்த்தாங்க. அடுத்த நாளும் கல்லத்தான் கொத்திட்டு இருந்தாங்க.

இன்னிக்கு கோஷி சாரு மறுபடி வர்றாரு. அந்தத் தோட்டம் ஆடிக் காத்துல காஞ்சு போயி எப்படி இருக்குன்னு பார்க்கணுமாம். இன்னும் கொஞ்சம் பேரையும் கூட்டிட்டு வர்றாரு. எனக்கு எப்படித் தெரியும்னா, மேடத்தோட டூர் வாட்ஸப் குரூப்புல இருந்து என்னை எடுக்க மறந்துட்டாங்க. என்னை யாரும் கூப்பிடலதான். கூப்பிடலேன்னா விட்டர்றதா? வேன் வந்து நிக்கற நேரம் இது வெறும் மண்ணா கெடந்தா மேடம் என்னத்தக் காட்டுவாங்க? நான் காலைல இருந்து போன் மேல போன். எடுக்கல. ஜேசிபி நிக்குது மேடம், நான் பார்த்துக்கறேன் மேடம்னு வாய்ஸ் மெசேஜ் மட்டும்...

வந்துருச்சு! அதோ, வெள்ளை வேன். அண்ணா, எறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க. வேண்டாம், உக்காந்தே இருங்க, சாப்பாட்டு நேரம்னு சொல்லிக்கலாம். கோஷி சார்! இந்தப் பக்கம் சார்! வாங்க, வாங்க! அதே கேட்டுதான் சார்! அட, மேடமும் எறங்கறாங்க, அதே பட்டுச் சேலை. மேடம், எல்லாம் ஓகே மேடம், நான் பேசிட்டேன், அண்ணன் ரொம்ப நல்லவரு...

என்னது மேடம்? மேடம், அவரு கொஞ்ச நேரம் நிக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. மேடம்?

கேட்டீங்களா? உங்ககிட்டதான் சொன்னாங்க. "யாருக்காகண்ணா நிக்கறீங்க, உங்க வேலையப் பாருங்க"ன்னு. அண்ணா, அவங்க ஏதோ டென்ஷன்ல... அய்யோ, ஸ்டார்ட் பண்ணாதீங்க! டீ வாங்கிக் குடுத்தேன்ல!

போச்சு. அள்ளிட்டீங்க. துத்தியெல்லாம் வேரோட போச்சு. கோஷி சார் ஓடி வர்றாரு, "அய்யோ ரெஜினா, தோட்டம்"னு தலையில கை வெச்சுட்டாரு. உங்களுக்குக் கேக்காது. நீங்க அள்ளுங்க, நான் சொல்றேன்.

மேடம் சொல்றாங்க, "சார், இது நான் பண்ணதில்ல. இத யாருமே பண்ணல." கேட்டீங்களாண்ணா? சொல்லிட்டாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க! "என்னோடது அந்தப் பச்சை கேட்டு. அதையும் நானே கெடுத்து வெச்சிருக்கேன், வந்து பாருங்க சார்"ங்கறாங்க. அவரு, "அன்னிக்கே எந்தா சொல்லல?"ங்கறாரு. மலையாளம் வந்துருச்சு. செத்தோம். மேடம், "நீங்க முதல் தடவையா நல்லாருக்குன்னீங்க சார்"னாங்க.

இதுக்கு என்னங்ணா அர்த்தம்? நல்லாருக்குன்னா சந்தோஷப்பட்டுட்டுப் போக வேண்டியதுதானே!

இருங்க இருங்க, பக்கெட்ட மெதுவா எறக்குங்க, ஆளுங்க குழிக்கிட்ட வர்றாங்க. எதுக்கு வர்றாங்க? மண்ணு பார்க்க! மேல கருப்பு மண்ணு, கீழ வெள்ளையா சுக்காங்கல்லு, அதுக்கு ஓடி வர்றாங்க பாருங்க. உங்கள அந்த ஓரத்த நேரா வெட்டச் சொல்றாங்க, அப்பதான் அடுக்கடுக்காத் தெரியுமாம். வெட்டுங்க, வெட்டிக் குடுங்க. சொன்னேன்ல, தனி ஜாதி. ஒருத்தரும் மேடம் பின்னாடி போகல.

அவங்க அங்க பச்சை கேட்டத் தொறந்து பிடிச்சுட்டு நிக்கறாங்க. தனியா. கோஷி சாரு நடு ரோட்டுல நிக்கறாரு. இந்தப் பக்கமும் வரல, அந்தப் பக்கமும் போகல. போங்க சார். நின்னா எப்படி. அண்ணா, நான் போயி அவர்கிட்ட ரெண்டு வார்த்தை... இல்ல, நடக்கறாரு. அந்தப் பக்கம்தான் நடக்கறாரு.

உள்ள போயிட்டாரு. இங்கிருந்தே தெரியுது. அய்யய்யோ, தோட்டம் பாதி சீவின தலை மாதிரி இருக்கு. ஒரு பக்கம் வரிசை, ஒரு பக்கம் புதர், நடுவுல கொத்திப் போட்ட கல்லு. அவரு சும்மா நிக்கறாரு. ரெண்டு பேரும் சும்மா நிக்கறாங்க. இவ்வளவு நேரமா நிப்பாங்க?

திட்டறாருங்ணா! கையக் கைய ஆட்டறாரு பாருங்க. குனிஞ்சு ஒரு கல்லத் தூக்கி மறுபடி பாதையில போடறாரு. அங்க காட்டித் திட்டறாரு, இங்க காட்டித் திட்டறாரு. மேடம் தலைய ஆட்டறாங்க. அந்தப் பட்டுச் சேலையோட மண்ணுல உக்காந்துட்டாங்க. கல்ல இழுத்து வெக்கறாங்க. அவரு மறுபடி திட்டறாரு. கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன், ஒரே நிமிஷம், என்ன பேசறாங்கன்னே கேக்கல!

சிரிக்கறாங்க. மேடம் சிரிக்கறாங்கண்ணா. இத்தனை மாசமா நான் அவங்க சிரிச்சுப் பார்க்கல. அவ்வளவு திட்டு வாங்கிட்டு என்னத்துக்குச் சிரிக்கறாங்க? அழுதிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்.

திரும்பிப் பார்க்கறாங்க. கை காட்டறாங்க. உங்களயா? இல்ல, என்னை. என்னைத்தான் கூப்பிடறாங்க. அய்யோ, கூப்பிடறாங்கண்ணா!

இல்ல. நீங்க அள்ளுங்க. நான் இங்கயே நிக்கறேன்.

போனா பேசிருவேன்.